வாகுத் தண்ணீரில் மஞ்சள் கயிறு

1

போன வாரம் ஈரோட்டிலிருந்து என் தங்கச்சி போன் செய்தாள். நான் கேட்ட மஞ்சள்பொடியைக் கூரியரில் போட்டுவிட்டாளாம். போட்ட கையோடு ஒரு கேள்வி. "ஏனக்கா, வருசா வருசம் இத்தன மஞ்சப்பொடி எதுக்குக்கா? ஐதராபாத்துல ஊருக்கே கொழம்பு வெக்கறயா?"

"இல்லடி, தண்ணி பாக்கறதுக்கு" என்றேன்.

அப்புறம், "மாமா நல்லா இருக்காராக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது, மாமாவிடம்தான் பேச வேண்டும் என்று முடிவு கட்டியிருப்பாள். போனில் அவளுக்குச் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். அவள் படிப்பாள், அவளோடு நீங்களும் படியுங்கள்.

ஊரை விட்டுப் போனவர்கள் எழுதினால் விசா, பனி, விமானம் எல்லாம் வரும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஈரோட்டில் ரயில் ஏறிப் படுத்தால் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹைதராபாத் வந்துவிடலாம். ஆனாலும் இது வேறு ஊர்தான். வந்த புதிதில் கேஸ் இணைப்புக்குப் போனேன். "இண்டி பேரு?" என்றார் அங்கிருந்தவர். இங்கே எல்லோருக்கும் பெயருக்கு முன்னால் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. நமக்கு இருப்பது ஒற்றை இனிஷியல். அதெல்லாம் கிடையாதுங்க என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் நம்பவில்லை. சரி, எந்த ஊர் என்று கேட்டார், ஈரோடு என்றேன். அதையே எழுதிவிட்டார். அன்றிலிருந்து பாதி அட்டைகளில் நான் ஈரோடு சாந்தாமணி. என் வீட்டுக்காரர் கதிர்வேல் என்னைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால் இன்றைக்கும் முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

2

ஹைதராபாத்தின் ஓரத்தில், பட்டான்செரு பக்கம் ஒரு காலனியில் இருக்கிறோம். காலையில் ஷேர் ஆட்டோக்களில் ஆட்களைத் திணித்துக்கொண்டு ஒரு ஷிப்ட் போகும், இன்னொரு ஷிப்ட் வரும். எல்லாம் மருந்து, ரசாயனக் கம்பெனிகள். அதில் ஒன்றில் இவருக்கு வேலை. கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிற பிரிவுக்குப் பொறுப்பாளர். கல்யாணமான புதிதில் யாராவது கேட்டால், "மருந்துக் கம்பெனியில கெமிஸ்ட்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். சாக்கடையைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

காலனிக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடுகிறது. இங்கே அதை வாகு என்பார்கள். கொஞ்ச தூரம் போய் மஞ்சிரா ஆற்றில் சேரும். நாங்கள் குடிவந்தபோது அதன் நாற்றம்தான் எங்களை வரவேற்றது. சாயங்காலம் ஜன்னல்களை அடைத்துவிட வேண்டும். கொலுசும் வெள்ளிக் குங்குமக் கிண்ணமும் தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும். விருந்தாளி வந்தால் நாங்கள் முதலில் சொல்வது, "கேஸ் லீக் இல்லைங்க, பயப்படாதீங்க" என்பதுதான்.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்து வாய்க்காலில் சாயத் தண்ணீர் ஓடும். அப்பா சாயப்பட்டறையில் கணக்குப் பார்த்தார். எங்கள் சோறு அந்தச் சாயத்திலிருந்து வந்ததால் அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழாது. யாராவது மனு எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு வந்தால், அப்பா உள்ளே இருந்துகொண்டே வெளியே போயிருப்பதாகச் சொல்லச் சொல்வார். அதனால் இங்கே வந்தும் நான் ஜன்னலை அடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். புருஷன் வேலை பார்க்கிற கம்பெனியும் அந்த வாகுக்கரையில்தானே இருக்கிறது.

என்னைக் கிளப்பியது என் மகள் மதுமிதா. அப்போது பிளஸ் டூ. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது பள்ளிக்கூடம் போனதும் 'நான்னா' ஆகிவிட்டது. முதலில் எனக்கு வயிறு எரிந்தது. செகந்திராபாத் லாலாகுடாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ் ரயில்வே குடும்பத்து அம்மா ஒருவர்தான் எனக்குத் தேறுதல் சொன்னார். "அதெல்லாம் நினைச்சு அழ நக்கோ. எங்க வீட்டுல மூணு பாஷையிலும் சண்டை போடுவோம், ஆனா சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்துடுவாங்க." நக்கோ என்றால் இங்கே வேண்டாம் என்று அர்த்தம். அவர் சொன்னது நிஜம்தான். இந்த ஊரை மது என்னைவிட நன்றாகத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். வாகுக்காகக் கூட்டம் போட்ட பெண்களோடு முதலில் போனவள் அவள். பிள்ளையைத் தனியாக விட வேண்டாமே என்று பின்னால் போனவள் நான்.

கூட்டத்தை நடத்தியது பாலமணி அக்கா. வாகுக்கரை ஊரின் அங்கன்வாடி டீச்சர். குரல் என்றால் அப்படி ஒரு குரல், மைக் வைத்தால் மைக்குக்குத்தான் சிரமம். எத்தனையோ மனு கொடுத்துப் பார்த்துவிட்டார். எந்தக் கம்பெனி கழிவை விடுகிறது என்று காட்டுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்பார்களாம். கம்பெனிகளைக் கேட்டால் எங்களுடையது சுத்தம், பக்கத்தில் கேளுங்கள் என்பார்களாம்.

3

தெலங்கானாப் பெண்களுக்குப் பதுகம்மா பண்டிகை என்றால் உயிர். தாம்பாளத்தில் ஆவாரம்பூ, பண்ணைப்பூ, செண்டுமல்லி என்று வட்ட வட்டமாகக் கோபுரம் மாதிரி அடுக்கி, உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரி அம்மனை, அதாவது கௌரம்மாவை, வைப்பார்கள். சுற்றி நின்று கைதட்டிப் பாடுவார்கள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் அந்தப் பூக்கோபுரத்தை, அதற்கும் பதுகம்மா என்றுதான் பெயர், நீர்நிலையில் விடுவார்கள். எங்கள் பக்கம் வாகு நாறியதால் சில வருஷங்களாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் பாலமணி அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை தொட்டி கிடையாது. வாகில்தான் விடுவோம். எங்கள் பதுகம்மா சாக்கடையில் போகிறதை எல்லோரும் பார்க்கட்டும்." நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டி.வி.க்காரர்களுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது.

பண்டிகை நாளில் பெண்கள் காலில் கணுக்கால் வரை மஞ்சள் பூசிக்கொள்வார்கள். நானும் பூசிக்கொண்டு மற்றவர்களோடு தண்ணீரில் இறங்கினேன். பூவை விட்டுவிட்டுக் கரையேறியபோது ஒரு பெண் வீல் என்று கத்தினாள். என் காலைப் பார்த்தேன். மஞ்சளைக் காணோம். ரத்தச் சிவப்பு. பக்கத்தில் நின்றவள் காலும் அப்படியே. தண்ணீரில் கரைந்துகொண்டிருந்த கௌரம்மாவைச் சுற்றியும் செக்கச் செவேலென்று இருந்தது.

இங்கே கல்யாணப் பெண்ணுக்குக் காலில் சிவப்பாகப் பூசுவார்கள். பாராணி என்று பெயர். "அம்மவாரே நம்ம காலுக்குப் பாராணி வெச்சுட்டா!" என்று ஒரு பாட்டம் குரல்கள் எழும்பின. கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். சிலர் அழுதார்கள். போனில் படம் பறந்தது.

மறுநாள் காலையில் வாகுக்கரையில் தேங்காய்க்கடை வந்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஜனம் இறங்கிப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறது. நாற்றத்துக்கு ஊதுவத்தி. நாங்கள் எந்தத் தண்ணீரைச் சாக்கடை என்று காட்ட நினைத்தோமோ அதையே தீர்த்தமாக்கிவிட்டார்கள். பாலமணி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கால் இரண்டும் அரித்துக்கொண்டிருந்தது. அப்போது ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். ஒரு கை தண்ணீரை அள்ளிக் குழந்தையின் தலைக்குக் கொண்டுபோனாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

4

என்னைச் சுற்றி ஒரே கூச்சல். "அரவாளு" என்று யாரோ திட்டினார்கள். தமிழர்களை இங்கே கோபம் வந்தால் அப்படிச் சொல்வது உண்டு. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, தெலுங்கு வேறு மறந்துவிட்டது. "மது, நீ சொல்லுடி" என்றேன். அவள், "நுவ்வே செப்பம்மா, நேனு சப்போர்ட் சேஸ்தா" என்றாள். நீயே சொல்லு, நான் கூட நிற்கிறேன் என்று.

தேங்காய்க்கடையில் மஞ்சள்பொடி இருந்தது. அங்கிருந்த ஒரு கிழவியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கினேன். ஒரு டம்ளர் குடிதண்ணீரில் மஞ்சளைக் கரைத்து அதில் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினேன், சிவந்தது. ஆரத்தி. நம் ஊரில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் ஐந்து நிமிஷத்தில் கரைத்துக்கொண்டு வருகிற அதே ஆரத்தி. அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவர்கள் வீட்டிலும் பாராணி இப்படித்தான் தயாராகிறது. தெரிந்த விஷயம்தான், சாமி என்று வந்ததும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து இன்னும் சிவப்புப் போகாத என் காலில் தேய்த்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பி வந்தது. "அம்மன் வெச்ச பாராணி எலுமிச்சம்பழத்துக்குப் போகுமா?" என்று கேட்டேன். நான் கேட்ட தெலுங்கில் ஏகப்பட்ட தப்பு இருந்ததாக மது பிற்பாடு சொன்னாள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. குழந்தையோடு வந்தவள் முந்தானையால் தன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சுண்ணாம்பு மாதிரியே காரம் கலந்த தண்ணீர் என்றார். சோடா, காஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்று அளவுக்கு மீறிப் போகிறது என்றார். யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கயிறு கட்டலாம் என்றது பாலமணி அக்கா. தாலிக்கு மஞ்சள் கயிறு கட்டுவது போல, நூலில் மஞ்சளை நன்றாக ஏற்றி, குச்சியில் முடிந்து, தண்ணீரில் படும்படி நட்டுவைப்பது. எங்கே சிவக்கிறதோ அங்கே காரம். சிவக்கிற வழியாகவே மேலே மேலே போனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். இதற்குப் பொடி கடையில் வாங்கிப் பார்த்தோம், நிறம் ஏறவில்லை. அப்போதுதான் ஈரோட்டுக்குப் போன் போட்டேன். என் வீட்டு அடுப்படியில் நூல் சாயம் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. சாயப்பட்டறைக் கணக்கர் மகள் கடைசியில் சாயம் போட்டது இதற்குத்தான்.

இவர் ஒன்று மட்டும் சொன்னார். "மஞ்சளாவே இருந்தா தண்ணி நல்லா இருக்குதுன்னு ஆயிராது. அமிலம் போனாலும் மஞ்சளாத்தான் இருக்கும். அத எல்லாத்துக்கும் சொல்லிப்போடு." சொன்னேன்.

5

இரண்டு மூன்று வாரம் போனது. கயிறு கட்டக் கட்டச் சிவந்துகொண்டே மேலே போனது. ஒரு சிறு பாலத்துக்குப் பக்கத்தில் வாகில் இரண்டு கால்வாய்கள் வந்து சேருகின்றன. வலது பக்கத்துக் கால்வாய் பல கம்பெனிகளுக்கும் பொது. இடது பக்கத்தில் இவருடைய கம்பெனி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் போய்க் கட்டுவது என்று முடிவாயிற்று. பாலமணி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ வலது பக்கம் போ சாந்தக்கா, பரேஷான் காகு" என்றார். கவலைப்படாதே என்று அர்த்தம். நான் இடது பக்கமே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ பார்த்து வந்து என்னிடம் சொல்வதைவிட நானே பார்ப்பது மேல் என்று தோன்றியது.

ஞாயிறு காலையில் காப்பி கொடுக்கும்போது இவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, இன்னிக்கி உங்க கம்பெனிக் கால்வாய்ல கட்டப் போறோமுங்க."

"செரி."

"செவக்குமாங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் விடற தண்ணி செவக்காது. போயிட்டு வா."

அதற்கு மேல் நான் என்ன கேட்க? அந்தப் பேச்சை நம்பித்தான் கிளம்பினேன். ஆனால் போகிற வழியெல்லாம் கணக்கு ஓடியது. சிவந்துவிட்டால் இவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். வேலையும் போய்விடும், மதுவின் படிப்பும் நிற்கும். இவை இரண்டில் எது எனக்குப் பெரியது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், பொய் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என்னோடும் மதுவோடும் ஏழெட்டுப் பெண்கள். நான் முன்னால் போய்க் குச்சியை நட்டேன். மற்றவர்கள் முள்ளை விலக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் வாய்க்காலில் சாயம் ஓடினால் கண்ணுக்குத் தெரியும். இங்கே ஒன்றும் தெரியாது. குனிந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனியில் தொடங்கி மெதுவாக ஏறியது. சிவப்பு.

என் கை முடிச்சுக்குப் போனது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவிழ்த்துத் தண்ணீரில் விட்டால் யாருக்கும் தெரியாது, அவ்வளவு நேரம் இருந்தது. முடிச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவிழ்க்கவும் மனசில்லை, கையை எடுக்கவும் மனசில்லை.

அப்போது மேட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. எனக்குத் தெரிந்த சத்தம். இவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சரிவில் இறங்கி வந்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனிச் சுவரை நோக்கி நடந்தார். அங்கே சுவரிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் சுத்தம் செய்து விடுகிற தண்ணீர். கயிற்றை அதில் காட்டினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அப்படி ஒரு நிம்மதி.

அவர் நிற்கவில்லை. சுவரை ஒட்டிக் கீழே வந்தார். ஒரு இடத்தில் சீமைக்கருவேல முள்ளை யாரோ வெட்டி அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே கயிற்றை விட்டார். சிவந்தது. பெண்கள் முள்ளை இழுத்துப் போட்டார்கள். உள்ளே இன்னொரு குழாய். அதே சுவரிலிருந்துதான் வருகிறது, ஆனால் அவருடைய தொட்டிகள் பக்கமே போகாமல் பின்வழியாகப் போட்டிருக்கிறார்கள்.

பாலமணி அக்காவும் அதற்குள் வந்துவிட்டார். யாரும் இவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அது எனக்காகத்தான். இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இதி மா கம்பெனிதே" என்றார். இது எங்கள் கம்பெனியுடையதுதான். "போட்டோ எடுத்துக்கோங்க. நான் இங்க நிக்கற மாதிரியே எடுங்க."

மது போனை நீட்டிப் படம் எடுத்தாள்.

6

அதற்குப் பிறகு நடந்தது அலுவலக வேலை. கயிறு சாட்சி ஆகாது என்றார்கள். மனுவைத் தெலுங்கில் எழுதச் சொன்னார்கள், எழுதினோம். இங்கிலீஷ் நகல் கேட்டார்கள், கொடுத்தோம். மனுதாரர் பட்டியலில் என் பெயரை ஈரோடு சாந்தாமணி என்று படித்துவிட்டு, ஈரோட்டில் இருப்பவருக்கு இங்கே என்ன பிரச்சினை என்று ஒருவர் கேட்டார். பாலமணி அக்கா அவருக்குச் சொன்ன பதிலை நான் இங்கே எழுத முடியாது. கடைசியில் ஒரு இளம் அதிகாரி பாட்டிலோடு வந்து தண்ணீர் எடுத்துப் போனார். அவர் எடுத்தது வேறு எங்கேயும் இல்லை, எங்கள் சிவந்த கயிற்றுக்குப் பக்கத்தில்தான். பரிசோதனையில் காரம் தெரிந்தது, குழாயை அடைத்தார்கள். வலது பக்கக் கால்வாயில் இன்னும் இரண்டு இடம் அகப்பட்டது. அதில் ஒன்று மூடியாகிவிட்டது, இன்னொன்றின் மேல் வழக்கு இன்னும் நடக்கிறது.

இவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. இவர் படம் அத்தனை போன்களில் இருந்தபோது எடுப்பதற்கு அவர்களுக்குத் தைரியம் வரவில்லை என்பது என் எண்ணம். ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சம்பளம் அதேதான், மரியாதை கொஞ்சம் குறைச்சல். நான் பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. மது காலேஜ் போகிறாள். வாகு இன்னும் குடிக்கிற தண்ணீர் ஆகிவிடவில்லை, ஆகுமா என்றும் தெரியாது. ஆனால் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். வெள்ளிக் கிண்ணம் வெள்ளையாக இருக்கிறது. வந்த விருந்தாளிக்கு கேஸ் லீக் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நேற்று இந்த வருஷத்துப் பதுகம்மா. பாலமணி அக்காவின் ஏற்பாட்டில் முதலில் கயிறு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினோம். பாட்டு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நானும் இவரும் பாலத்துச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். மது கீழே தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஏனுங்க, அன்னிக்கி நீங்க எதுக்குங்க வந்தீங்க? நான் கூப்புடவே இல்லையே."

"வரோணும்னு தோணுச்சு."

"செவக்காதுன்னுதான சொன்னீங்க? அப்பறம் என்ன?"

"நான் விடற தண்ணி செவக்காதுன்னு சொன்னேன். கம்பெனித் தண்ணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. அதுல எனக்குச் சந்தேகம் இருந்துச்சு." சுவரில் கிடந்த ஒரு செண்டுமல்லியை எடுத்து வாகில் போட்டார். "நீ போனதுக்கப்பறம் எனக்கு உக்கார முடியல. செவந்து போச்சுன்னா நீ என்ன பண்ணுவயோன்னு பயம் வந்துருச்சு."

"என்ன பண்ணுவேனாமா?"

"எனக்காக அவுத்து வீசிருவயோன்னு."

இத்தனை வருஷத்தில் நான் வாய் திறக்காத விஷயத்தை இந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே கண்டுபிடித்திருக்கிறார்.

"அவுத்திருந்தா?" என்றேன்.

"நான் வந்து மறுபடியும் கட்டியிருப்பேன்" என்றார்.